டெக்சஸ் சட்டமன்றத்தின் இலவசத் தளம்: பள்ளி மாவட்டத் தலைமைக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது?

டெக்சஸ் மாநிலச் சட்டமன்றம் நடத்தும் ‘டெக்சஸ் லெஜிஸ்லேச்சர் ஆன்லைன்’ தளத்தை, அங்கே புழங்குகிறவர்கள் டி.எல்.ஓ. என்றுதான் சொல்கிறார்கள். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது. 1989ல் கூடிய 71ஆவது சட்டமன்றம் தொடங்கி இன்றுவரை வந்த மசோதாக்கள் அதில் இருக்கின்றன. பத்திரிகையாளருக்கும் வழக்கறிஞருக்கும் அது எப்படிப் பயன்படும் என்பது வேறு கதை. பள்ளி மாவட்டம் என்றால் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சி அமைப்பு. அதன் தலைமை அதிகாரியான சூப்பரின்டெண்டென்ட், பள்ளி வாரியத்தின் உறுப்பினர்களான டிரஸ்டிகள், நிதி அதிகாரி ஆகியோரின் மேசையிலிருந்து பார்த்தால் இந்தத் தளம் எப்படி என்பதுதான் இந்த மதிப்புரை. பெரிய மாவட்டங்களில் அரசுத் தொடர்புக்கென்றே ஆள் இருப்பார். சிறிய மாவட்டங்களில் பேருந்துத் தடம், கால்பந்து மைதானம், பட்ஜெட் எல்லாவற்றோடும் சேர்த்து சூப்பரின்டெண்டென்டே இதையும் பார்த்துக்கொள்கிறார். அதிகம் பயன்படப்போவது அவருக்குத்தான். அதிகம் ஏமாறக்கூடியவரும் அவரே.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு மசோதாவுக்கு என்ன நேர்ந்தது என்று தெரிந்துகொள்ள இதைவிட நம்பகமான இடம் இல்லை. நேரப்போவதைத் தெரிந்துகொள்ள இதை மட்டும் நம்பினால், பெரும்பாலும் ஒரு நாள் தாமதமாகத்தான் தெரியவரும்.

அந்த ஒரு நாளின் விலை என்ன என்பதற்கு நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். டெக்சஸ் சட்டமன்றம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஒற்றைப்படை ஆண்டில், ஜனவரியின் இரண்டாவது செவ்வாயன்று கூடுகிறது. அதிகபட்சம் 140 நாள். 89ஆவது சட்டமன்றம் 2025 ஜனவரி 14 அன்று தொடங்கி ஜூன் 2 அன்று முடிந்தது. சாதாரண மசோதாக்களைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் 60ஆவது நாள், அதாவது மார்ச் 14. கீழவையில் பிறந்த மசோதா அங்கே இரண்டாவது வாசிப்பைத் தாண்ட வேண்டிய கெடு 122ஆவது நாள், மே 15. ஆளுநர் கையெழுத்திடவோ மறுக்கவோ கடைசி நாள் ஜூன் 22. இதில் ஒன்றைக் கோட்டைவிட்டால் அடுத்த வாய்ப்பு இரண்டு ஆண்டு கழித்து. இடையில் ஆளுநர் சிறப்புக் கூட்டத்தொடர் கூட்டலாம். அது 30 நாள்தான், எதைப் பேசலாம் என்பதையும் அவரே வகுப்பார்.

கணக்குத் தொடங்குவது

‘மை டி.எல்.ஓ.’ என்ற பகுதியில் பெயரும் மின்னஞ்சலும் கொடுத்துக் கணக்குத் தொடங்க ஐந்து நிமிடம் போதும். மசோதாப் பட்டியல், எச்சரிக்கை மின்னஞ்சல், சேமித்த தேடல் மூன்றும் அதன் பிறகுதான் திறக்கும். தனியார் மின்னஞ்சலைக் கொடுக்காமல், மாவட்டத்தில் இரண்டு பேராவது திறக்கக்கூடிய ஒரு பொது முகவரியைக் கொடுப்பது நல்லது. ஏப்ரலில் அந்த வேலையைப் பார்த்தவர் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டால், பட்டியலும் அவரோடு போய்விடும்.

எச்சரிக்கைகளை மசோதா எண், குழு, அவை நாட்காட்டி, பொருள் தலைப்பு என்று பல வகையில் வைக்கலாம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பொருள் தலைப்புதான் முக்கியம். தொடக்க, உயர்நிலைக் கல்வி என்ற தலைப்பின் கீழ் நிதி, பொது என்று கிளைகள் உண்டு. புதிதாகத் தாக்கலாகும் மசோதாக்கள் அந்த வழியே தெரியவரும். மார்ச் நடுவில் தாக்கல் முடிந்ததும் பொருள் எச்சரிக்கையைக் குறைத்து, தேர்ந்தெடுத்த மசோதா எண்களுக்கு மாறிவிட வேண்டும். மாறாவிட்டால் அஞ்சல் பெட்டி நிரம்பி வழியும். மசோதாவின் வரலாற்றில் ஒரு வரி ஏறினாலும் மின்னஞ்சல் வரும். இன்னொரு உறுப்பினர் மசோதாவைக் கொண்டுவந்தவரோடு இணை ஆசிரியராகச் சேர்ந்ததும் ஒரு வரிதான், குழு விசாரணைக்கு நாள் குறித்ததும் ஒரு வரிதான். இரண்டையும் தளம் ஒரே குரலில்தான் சொல்கிறது. பணம் பற்றியவை, நிர்வாகம் பற்றியவை, சும்மா கண் வைத்திருக்க வேண்டியவை என்று மூன்று பட்டியலாகப் பிரித்து, முதல் இரண்டுக்கு மட்டும் எச்சரிக்கை வைத்தால் தாங்கும்.

தேடல் விஷயத்தில் பெரும்பாலோர் செய்யும் தவறு, ‘பள்ளி மாவட்டம்’ என்று தட்டித் தேடுவது. நூற்றுக்கணக்கில் வந்து விழும். மசோதாக்கள் சட்டப் பிரிவைத்தான் திருத்துகின்றன. எனவே பிரிவு எண்ணைப் போட்டுத் தேட வேண்டும். மாணவர் ஒருவருக்கான அடிப்படை ஒதுக்கீடு கல்விச் சட்டம் 48.051ல் இருக்கிறது. சொத்து வளம் மிகுந்த மாவட்டங்களிடமிருந்து பணத்தை மாநிலம் திரும்பப் பெறும் ஏற்பாடு, ஊர் வழக்கில் ‘ராபின் ஹுட்’, அதே சட்டத்தின் 49ஆம் அத்தியாயம். பள்ளி வரி விகிதத்துக்கு வாக்காளர் ஒப்புதல் கேட்கும் விதி வரிச் சட்டம் 26.08. வாரியம் போன்ற பொது அமைப்புகள் முன்னறிவிப்போடு, பொதுமக்கள் பார்க்கும்படி கூட வேண்டும் என்ற திறந்த கூட்ட விதிகள் அரசாங்கச் சட்டம் 551ஆம் அத்தியாயம். இந்த நான்கையும் சேமித்த தேடலாக வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

கடைசி இரண்டும் கல்விச் சட்டத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். பொதுக் கல்விக் குழுவை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் மாவட்டம் அடி வாங்குவது இங்கேதான். 2025ல் நிறைவேறிய எச்.பி. 1522 நல்ல உதாரணம் (எச்.பி. என்றால் கீழவை மசோதா, எஸ்.பி. என்றால் செனட் மசோதா). அது கல்வி மசோதாவாக வரவில்லை, திறந்த கூட்டச் சட்டத்தைத்தான் திருத்தியது. ஆனால் 2025 செப்டம்பர் 1 முதல் ஒவ்வொரு பள்ளி வாரியமும் கூட்ட அறிவிப்பை 72 மணி நேரத்துக்கு முன் ஒட்டினால் போதாது, மூன்று வேலை நாட்களுக்கு முன் ஒட்ட வேண்டும் என்று ஆனது. திங்கள் மாலைக் கூட்டத்துக்கு வெள்ளி பிற்பகல் அறிவிப்பு ஒட்டிப் பழகிய செயலாளர்கள் புதனுக்கு முன்பே முடிக்க வேண்டிய நிலை.

ஒரே மசோதா, மூன்று தொகை

மசோதாவின் பக்கத்தைத் திறந்தால் மேலே வரிசையாகத் தாவல்கள்: வரலாறு, உரை, நடவடிக்கை, இணை மசோதா, திருத்தம், மசோதாவின் ஆசிரியர், தலைப்பு, கட்டங்கள். கட்டங்கள் தாவல் பார்க்க அழகாக இருக்கும். புதிய டிரஸ்டிக்குக் காட்ட உதவும், வேறு வேலைக்கு ஆகாது. உண்மையான சரக்கு ‘உரை’ தாவலில் இருக்கிறது. தாக்கலான வடிவம், குழு அறிக்கை, அவை நிறைவேற்றியது, இறுதி வடிவம் என்று வரிசை வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே மசோதா ஆய்வு, நிதிக் குறிப்பு, சாட்சிப் பட்டியல் ஆகியவை வந்து சேரும்.

2025ன் பள்ளி நிதி மசோதா எச்.பி. 2ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்படை ஒதுக்கீடு 2019லிருந்து 6,160 டாலரில் நின்றுகொண்டிருந்தது. தாக்கலான வடிவம் அதை 220 டாலர் உயர்த்தியது. ஏப்ரலில் கீழவை நிறைவேற்றிய வடிவத்தில் 395 டாலர். செனட்டைத் தாண்டி, ஜூன் 4 அன்று ஆளுநர் கையெழுத்திட்ட இறுதி வடிவத்தில் 55 டாலர். மீதிப் பணம் எங்கே போனது என்றால், ஆசிரியர் அனுபவத்தோடு கட்டப்பட்ட ஒதுக்கீடு போன்ற குறிப்பிட்ட செலவுகளுக்குப் போய்விட்டது. 5,000 மாணவருக்கு மேற்பட்ட மாவட்டத்தில் மூன்று, நான்கு ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியருக்கு 2,500 டாலரும் ஐந்தும் அதற்கு மேலும் உள்ளவருக்கு 5,000 டாலரும். அதைவிடச் சிறிய மாவட்டங்களில் 4,000, 8,000. மொத்தம் சுமார் 850 கோடி டாலர் என்று செய்தித் தலைப்பில் வந்தது. அதில் வாரியம் தன் இஷ்டப்படி மின் கட்டணத்துக்கும் காப்பீட்டுக்கும் எடுத்துக்கொள்ளக்கூடிய பங்கு எவ்வளவு என்பது தலைப்பில் வராது.

நிதி அதிகாரி போட வேண்டிய கணக்கு இது. டெக்சஸ் பணம் கொடுப்பது சேர்க்கை எண்ணிக்கைக்கு இல்லை, சராசரி தினசரி வருகைக்கு. 8,700 பேர் சேர்ந்திருக்கும் மாவட்டத்தில் வருகை 92 சதவீதம் என்றால் 8,004 பேர். தாக்கலான வடிவத்தின்படி 17.6 லட்சம் டாலர், கீழவை வடிவத்தின்படி 31.6 லட்சம், இறுதி வடிவத்தின்படி 4.4 லட்சம். சிறப்புக் கல்வி, இருமொழிக் கல்வி போன்ற கூடுதல் எடைகள் சேர்ந்தால் தொகை ஏறும், ஆனால் விகிதம் இதுதான். ஏப்ரல் மாதத் தொகையை வைத்துச் சம்பள உயர்வு அறிவித்த மாவட்டத்தின் ஜூன் மாதம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ராபின் ஹுட் பட்டியலில் இருக்கும் மாவட்டத்துக்கு இன்னொரு திருப்பம்: உயர்வு பெரும்பாலும் காசோலையாக வராது, மாநிலத்துக்குக் கட்ட வேண்டியது குறையும். வாரியக் கூட்டத்தில் இதை விளக்காவிட்டால், பணம் வந்ததாமே, எங்கே என்று கேள்வி வரும்.

இந்தக் கணக்கை டி.எல்.ஓ. போட்டுத் தராது. சட்டமன்ற பட்ஜெட் வாரியம் எழுதும் நிதிக் குறிப்பு மாநிலத்துக்கு ஆகும் மொத்தச் செலவைச் சொல்லும். அதன் கடைசிப் பகுதியில் உள்ளாட்சி அமைப்புகளின் மீதான தாக்கம் என்று ஒரு பத்தி வரும். முதலில் அதைப் படியுங்கள். பல மசோதாக்களில் அது ஒற்றை வரியாக இருக்கும். அந்த ஒற்றை வரிக்குள் உங்கள் மாவட்டத்தின் ஒரு புதிய பதவியும் ஒரு மென்பொருள் ஒப்பந்தமும் ஒளிந்திருக்கலாம். அப்படி ஒளிந்திருப்பதை எண்ணாக்கி உறுப்பினர் அலுவலகத்துக்கு எழுதுவதுதான் சூப்பரின்டெண்டென்ட் செய்யக்கூடிய அரசியல் வேலையிலேயே அதிகம் எடுபடுவது. ‘இந்த மசோதா எங்களுக்குச் சுமை’ என்று எழுதும் கடிதம் நூறு வரும். ‘எங்கள் மாவட்டத்தில் 3 பேரை அமர்த்த வேண்டும், ஆண்டுக்கு இவ்வளவு டாலர்’ என்ற கடிதத்தை உதவியாளர் எடுத்துத் தனியே வைப்பார்.

உரையைப் படிப்பதில் ஒரு நுட்பம். டெக்சஸ் மசோதாவில் புதிய சொற்கள் அடிக்கோடிட்டும், நீக்கப்படுபவை சதுர அடைப்புக்குள் குறுக்கே வெட்டியும் இருக்கும். ஆனால் இந்த அடையாளங்கள் நடப்புச் சட்டத்தோடு ஒப்பிட்டவை. மசோதாவின் முந்தைய வடிவத்தோடு ஒப்பிட்டவை அல்ல. தாக்கலான வடிவத்துக்குப் பதிலாகக் குழு தயாரிக்கும் மாற்று வடிவத்தைப் படிப்பவர், அடிக்கோடு இருக்கிறதே, இதுதான் குழுவில் மாறியது போலும் என்று நினைத்துவிடுவார். அது முதல் நாளிலிருந்தே அங்கே இருந்த வரியாக இருக்கும். கீழவைக் குழு அறிக்கையோடு வரும் மசோதா ஆய்வின் இறுதியில், தாக்கலான வடிவத்தையும் மாற்று வடிவத்தையும் ஒப்பிடும் பகுதி உண்டு. அதைப் பார்த்துவிட்டு உரைக்குப் போனால் ஒரு மணி நேரம் மிச்சம். அடிக்கோடிட்ட வாக்கியத்தை நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டும்போது கோடும் வெட்டும் உதிர்ந்துவிடலாம். நீக்கப்பட்ட சொல்லும் சேர்ந்து வந்து பொருள் தலைகீழாகும். கோப்பாகவே அனுப்புங்கள்.

பெரிய மசோதாவில் பெரிய எண்ணை மட்டும் பார்ப்பது இன்னொரு பிழை. 2019ன் எச்.பி. 3 அடிப்படை ஒதுக்கீட்டை 5,140லிருந்து 6,160 டாலராக்கியது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. கட்டடக் கடன் பத்திரத்துக்கான ஒவ்வொரு வாக்குச்சீட்டிலும் ‘இது சொத்து வரி உயர்வு’ என்ற வாசகம் இருந்தாக வேண்டும் என்ற விதியும் அதே மசோதாவில்தான் வந்தது. வரி விகிதம் ஏறாத கடனுக்கும் அந்த வாசகம் வரும். இன்றைக்கும் கடன் பத்திரத் தேர்தலில் மாவட்டங்கள் விளக்கிக்கொண்டிருப்பது அந்த ஒரு வரியைத்தான்.

எண்ணைத் தட்டும்போது தொடரைப் பார்

தளத்தில் கூட்டத்தொடரைத் தேர்ந்தெடுக்க ஒரு சின்னப் பெட்டி உண்டு. 89(ஆர்) என்றால் வழக்கமான தொடர், 89(1), 89(2) என்றால் சிறப்புத் தொடர்கள். மசோதா எண்கள் ஒவ்வொரு தொடரிலும் ஒன்றிலிருந்து தொடங்கும். எஸ்.பி. 2 என்று மட்டும் சொன்னால் 2019ல் அது சொத்து வரிச் சீர்திருத்தம். 2023ன் இரண்டாவது சிறப்புத் தொடரில் அது வீட்டு வரிவிலக்கை ஒரு லட்சம் டாலராக உயர்த்திய மசோதா. 2025ல் அது தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் கல்விச் சேமிப்புக் கணக்குத் திட்டம், முதல் ஒதுக்கீடு 100 கோடி டாலர். வாரியத்தின் தீர்மானத்தில் எண்ணை மட்டும் எழுதி ஆண்டை விட்டுவிட்டால் பிற்பாடு படிப்பவருக்குத் தலையும் புரியாது காலும் புரியாது.

செத்த மசோதா வேறு எண்ணில் உயிர்த்தெழும்போது இந்தப் பிரச்சினை பெரிதாகிறது. மாநிலத் தேர்வான ஸ்டாரை மாற்ற 2025 வழக்கமான தொடரில் வந்தது எச்.பி. 4. கடைசி நாட்களில் இரு அவைகளும் ஒத்துப்போகாமல் அது விழுந்தது. அதே விஷயம் இரண்டாவது சிறப்புத் தொடரில் எச்.பி. 8 ஆகத் திரும்பி வந்து நிறைவேறியது. 2027-28 கல்வியாண்டு முதல் புதிய தேர்வுகள். எச்.பி. 4க்கு எச்சரிக்கை வைத்து உட்கார்ந்திருந்தவருக்குத் தளத்திலிருந்து ஒரு முணுமுணுப்பும் வந்திருக்காது. தளம் எண்ணைத்தான் பின்தொடரும், கருத்தை அல்ல.

மே மாதக் கடைசி இரண்டு வாரங்களில் இதே விளையாட்டு திருத்தங்கள் வழியாக நடக்கும். கெடுவில் மாட்டிச் செத்த மசோதாவின் உள்ளடக்கம், பரந்த தலைப்புள்ள வேறொரு கல்வி மசோதாவில் திருத்தமாக ஏறிக்கொள்ளும். அந்த வாரங்களில் எச்சரிக்கையை நம்பாமல், இன்னும் உயிரோடிருக்கும் ஐந்தாறு பெரிய கல்வி மசோதாக்களின் திருத்தத் தாவலைக் கையால் திறந்து பார்ப்பதே வழி. திருத்தம் எவ்வளவு பெரிய வேலை செய்யும் என்பதற்கு 2023 நவம்பர் 17ஐப் பாருங்கள். நான்காவது சிறப்புத் தொடரின் எச்.பி. 1லிருந்து கல்விச் சேமிப்புக் கணக்கு முழுவதையும் வெட்டியெடுத்தது உறுப்பினர் ஜான் ரேனி கொண்டுவந்த ஒரே திருத்தம். 84க்கு 63. யார் எப்படி வாக்களித்தார் என்பது மசோதாப் பக்கத்தில் நேராக வராது. வரலாற்று வரியில் இருக்கும் பதிவு வாக்கு எண்ணைப் பிடித்துக்கொண்டு அவைக் குறிப்பேட்டுக்குப் போக வேண்டும். அவ்வளவு வசதியான தளத்தில் இந்தச் சுற்றுவழி ஏன் என்று தெரியவில்லை.

விசாரணை அறிவிப்பும் வாரியக் கூட்டமும் முட்டும் இடம்

குழு எச்சரிக்கை வைத்திருந்தால் விசாரணை அறிவிப்பு வெளியான உடனே மின்னஞ்சல் வரும். தளத்தின் ஆகச் சிறந்த சேவை இதுதான். ஆனால் அந்த மின்னஞ்சலை வைத்து என்ன செய்ய முடியும் என்பது தேதிகளின் கணக்கு. வழக்கமான தொடரில் கீழவைக் குழுவின் பொது விசாரணைக்கு ஐந்து நாள் முன்னறிவிப்பு, வார இறுதியும் சேர்த்து. செனட் குழுவுக்கு 24 மணி நேரம்.

வியாழன் மாலை அறிவிப்பு வருகிறது, விசாரணை செவ்வாய்க்கிழமை. சூப்பரின்டெண்டென்ட் வெள்ளி காலையில் வாரியக் கூட்டத்துக்கு அறிவிப்பு ஒட்டினாலும், மூன்று வேலை நாள் விதிப்படி செவ்வாய்க்குள் வாரியம் கூட முடியாது. விசாரணை முடிந்தே போயிருக்கும். செனட் என்றால் பேச்சே இல்லை. மாவட்டத்தின் பெயரால் ஆதரவு அல்லது எதிர்ப்பு என்று பதிவு செய்ய அப்போது யாருக்கும் அதிகாரம் இருக்காது. ஆகவே வாரியம் தன் சட்டமன்ற முன்னுரிமைகளை இலையுதிர் காலத்திலேயே தீர்மானமாக நிறைவேற்றி வைக்க வேண்டும். எச்.பி. எண் எதுவும் அப்போது இருக்காது என்பதால் விஷயமாக எழுத வேண்டும்: வருகைக்குப் பதில் சேர்க்கையை அடிப்படையாக்குவதை ஆதரிக்கிறோம், பணம் தராமல் மாநிலம் சுமத்தும் கட்டளைகளை எதிர்க்கிறோம், இந்த வரம்புக்குள் பேச சூப்பரின்டெண்டென்டுக்கு அதிகாரம் தருகிறோம். இந்தத் தாள் இல்லாத மாவட்டத்துக்கு டி.எல்.ஓ. எச்சரிக்கை வெறும் நாளிதழ்.

சாட்சியாகப் பதிவு செய்யும்போது ஆதரவு, எதிர்ப்பு, ‘மசோதா குறித்து’ என்று மூன்று தேர்வு. வாரியத் தீர்மானம் தெளிவாக இல்லையென்றால் மூன்றாவதுதான் பாதுகாப்பு. தகவல் தர வந்தேன் என்று அர்த்தம், கேள்வி கேட்டால் பதில் சொல்லலாம். பேசாமல் நிலைப்பாட்டை மட்டும் பதிவதும் உண்டு. பேசினால் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று நிமிடம். ‘அவை ஒத்திவைக்கப்பட்டதும்’ என்று அறிவிப்பில் நேரம் போட்டிருந்தால் அது காலை பதினொன்றாகவும் இருக்கலாம், மாலை ஆறாகவும் இருக்கலாம். மாநிலத்தின் மேற்கு முனையிலுள்ள எல் பாசோவிலிருந்து தலைநகர் ஆஸ்டினுக்கு வருகிறவர் அன்று இரவே திரும்பிப் போகும் டிக்கெட் எடுக்கக் கூடாது. வர முடியாதவர்கள் கீழவையின் இணையக் கருத்துப் பக்கத்தில் எழுதலாம். 2021லிருந்து இருக்கும் வசதி.

விசாரணைக்குப் பிறகு வெளியாகும் சாட்சிப் பட்டியலைப் பலர் திறப்பதே இல்லை. யார் எந்த அமைப்பின் சார்பில் எந்தப் பக்கம் என்பது பெயர் வாரியாக அதில் இருக்கிறது. அடுத்த அவைக்கு மசோதா போகும்போது யாரோடு சேரலாம், யார் எதிரே நிற்பார் என்பதற்கு இதைவிட மலிவான உளவு கிடையாது. உங்கள் பெயரும் அங்கே நிரந்தரமாக நிற்கும். சொந்தக் கருத்தைச் சொல்லப் போன பள்ளி முதல்வர் பதிவில் மாவட்டத்தின் பெயரை எழுதிவிட்டால், அது மாவட்டத்தின் குரலாகவே படிக்கப்படும்.

தளத்தின் ஓட்டையும் இங்கேதான். குழுவின் மாற்று வடிவம் உரைத் தாவலுக்கு வருவது குழு அறிக்கையோடுதான். விசாரணையில் பேசப்படுவது அந்த மாற்று வடிவம். உங்கள் கையில் இருப்பது தாக்கலான பழைய வடிவம். மசோதாவைக் கொண்டுவந்த உறுப்பினரின் அலுவலகத்துக்கோ குழு எழுத்தருக்கோ முந்தின நாள் ஒரு தொலைபேசி அழைப்பு, ‘நாளை மாற்று வடிவம் வருகிறதா, ஒரு பிரதி கிடைக்குமா’ என்று. பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். கேட்காமல் போய், நீக்கப்பட்டுவிட்ட பிரிவை எதிர்த்து மூன்று நிமிடம் பேசிவிட்டு உட்காருகிறவர்கள் ஒவ்வொரு தொடரிலும் உண்டு.

முன்னனுப்பும் பொத்தானில் இருக்கும் ஆபத்து

டி.எல்.ஓ. மின்னஞ்சலை அப்படியே டிரஸ்டிகளுக்கு அனுப்புவது தவறில்லை. வாரியத்தில் பொதுவாக ஏழு பேர்; சம்பளமில்லாப் பதவி. அதில் நான்கு பேர் ‘அனைவருக்கும் பதில்’ அழுத்தி மசோதாவை விவாதிக்கத் தொடங்கினால் அது அறிவிப்பில்லாத கூட்டமாகிவிடும். ஒருவர் ஒருவராகச் சுற்றிவந்து பெரும்பான்மை சேர்ப்பதும் அதே குற்றம்தான். எல்லோர் முகவரியையும் மறைநகல் வரிசையில் போட்டு அனுப்புங்கள், பதில் அனுப்புநருக்கு மட்டும் வரும்.

ஊழியருக்கும் பெற்றோருக்கும் அனுப்பும்போது வேறு கோடு. கல்விச் சட்டம் 11.169, வேட்பாளருக்கோ கட்சிக்கோ வாக்கெடுப்புக்கோ ஆதரவாகவும் எதிராகவும் மாவட்டத்தின் பணத்தையோ வளத்தையோ பயன்படுத்தக் கூடாது என்கிறது. தேர்தல் சட்டம் 255.003 பொதுப் பணத்தில் அரசியல் விளம்பரம் செய்வதைத் தண்டனைக்குரியதாக்குகிறது. மசோதாவின் இணைப்பும், நிதிக் குறிப்பும், நம் மாவட்டத்துக்கு ஆகும் தொகையும் தகவல். அதன் கீழே, ‘எதிர்த்து வாக்களித்த உறுப்பினரை மார்ச் மாத முதனிலைத் தேர்தலில் நினைவில் வையுங்கள்’ என்று ஒரு வரி சேர்ந்தால் கதை மாறிவிடும். 2024 பிப்ரவரியில், முதனிலைத் தேர்தலுக்குச் சற்று முன், மாவட்ட மின்னஞ்சல்களை வைத்து மாநில அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டன் பள்ளி மாவட்டங்கள் மீது வழக்குத் தொடுத்தார். அதன் பிறகு பல மாவட்டங்களில் சட்டமன்றச் செய்தி எதுவும் வழக்கறிஞர் பார்வைக்குப் போகாமல் வெளியே போவதில்லை. சரியான பழக்கம்தான், ஆனால் மே மாதத்தில் அதற்கு நேரம் கிடைக்காது. வார்ப்புருவை டிசம்பரிலேயே ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

வேறு எது

லெஜிஸ்கேன் தளம் ஐம்பது மாநிலங்களையும் காங்கிரஸையும் ஒரே இடத்தில் காட்டும். பிற மாநிலத்தில் இதே மசோதா எப்படிப் போனது என்று பார்க்க உதவும். கட்டணச் சேவைகள் மசோதாவைத் தரம்பிரித்து, குறிப்பெழுதி, குழு முழுவதும் பார்க்கும்படி அறிக்கையாக்கித் தரும். ஐம்பது மசோதாவுக்குக் கீழே பின்தொடரும் மாவட்டத்துக்கு அது தேவையில்லை, டி.எல்.ஓ.வும் ஒரு விரிதாளும் போதும். பள்ளி வாரியங்களின் சங்கமும் நிர்வாகிகளின் சங்கமும் அனுப்பும் வாராந்தரச் சுருக்கம் வேறு வகை உதவி. எது முக்கியம் என்று அவர்கள் சொல்வார்கள், அது எங்கே நிற்கிறது என்று தளம் சொல்லும். சங்கத்தின் நிலைப்பாடு ஆயிரத்துக்கு மேற்பட்ட மாவட்டங்களின் சராசரி என்பதை மறந்துவிடக் கூடாது. வேகமாக வளரும் மாவட்டமும் மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும் மாவட்டமும் நிதிச் சூத்திரத்தில் ஒரே பக்கம் நிற்பதில்லை.

கையெழுத்தோடு டி.எல்.ஓ.வின் வேலை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. வரலாற்றின் கடைசி வரியில் அமலாகும் தேதி வரும். இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்திருந்தால் உடனே அமலாகலாம், இல்லையென்றால் பெரும்பாலும் செப்டம்பர் 1. அப்போது பள்ளி திறந்து இரண்டு மூன்று வாரம் ஆகியிருக்கும். எந்தக் கல்வியாண்டு முதல் பொருந்தும் என்பது மசோதாவின் கடைசிப் பிரிவுகளில் தனியாக எழுதப்பட்டிருக்கும், அதையும் பார்க்க வேண்டும். அதற்கப்புறம் மாநிலக் கல்வி முகமை விதி எழுதும். அந்த வரைவுகள் வெள்ளிக்கிழமைதோறும் வரும் மாநில அரசிதழான டெக்சஸ் ரெஜிஸ்டரில் வெளியாகின்றன. கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள். சட்டமன்றத்தில் மூன்று நிமிடத்துக்கு ஆறு மணி நேரம் காத்திருந்த மாவட்டங்கள், இந்த 30 நாளில் ஒரு கடிதம்கூட எழுதாமல் விட்டுவிடுவது ஆச்சரியம். படிவம் எப்படி இருக்கும், கெடு எந்த மாதம், எந்தச் செலவு கணக்கில் சேரும் என்பதெல்லாம் தீர்மானமாவது இங்கேதான்.

90ஆவது சட்டமன்றம் 2027 ஜனவரி 12 அன்று கூடுகிறது. முன்கூட்டித் தாக்கல் 2026 நவம்பர் 9, தேர்தலுக்கு அடுத்த திங்களன்று தொடங்கும். 60ஆவது நாள் மார்ச் 12, கடைசி நாள் மே 31. பழைய பட்டியலில் இருக்கும் எண்கள் எதுவும் அப்போது உயிரோடிருக்காது. சேமித்த தேடல்களைத் திறந்து கூட்டத்தொடரை 90(ஆர்) என்று மாற்றி, நான்கு பிரிவு எண்களையும் மறுபடி ஓட்டிப் பார்க்க நவம்பர் 10 காலையில் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.